காக்கை இறங்காத கணுப்பொங்கல்

மாட்டுப் பொங்கலன்று விடியலில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இருந்தது நாலு பேர்: அக்கா, அத்திம்பேர், அவர்கள் பெண் திவ்யா, நான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏழெட்டுக் காக்கைகள்.

முந்தின நாள் மத்தியானம் நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டர்தான். மடியில் மஞ்சள் இலைக் கட்டு. வாடிவிடுமோ என்று களியக்காவிளை வரைக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்காரர், "அண்ணாச்சி, குளிப்பாட்டுதது இலையையா, என்னையா?" என்றார். தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா இருக்கும் கிழக்கேகோட்டைக்கு ஆட்டோ நாற்பது ரூபாய்.

எட்டாவதோடு நின்ற எனக்கு டாக்டர் சொன்னதில் பாதி புரியவில்லை. அடுத்த வாரம் என் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்பது மட்டும் புரிந்தது. அதற்குள் அக்கா கணுப்பிடி வைப்பதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

கணுப்பிடி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பொங்கலுக்கு மறுநாள், குளிப்பதற்கு முன்னால், பெண்கள் கூடப்பிறந்தவர்களுக்காகக் காக்கைக்குச் சோறு வைப்பார்கள். புது மஞ்சள் இலையில் முந்தின நாள் பொங்கல், மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், தயிர்சாதம், எல்லாம் சின்னச் சின்ன உருண்டையாக. ஓரத்தில் கரும்புத் துண்டு. காக்கைக் கூட்டம் மாதிரி உடன்பிறந்தவர்கள் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

அக்கா வைத்து முடித்தாள். ஒரு காக்கையும் இறங்கவில்லை.

"அதுகளுக்கும் தெரிஞ்சுபோச்சு போல," என்றேன்.

"மாமா, ஒண்ணு மாறி நில்லுங்கோ," என்றாள் திவ்யா. "இப்படி முறைச்சுண்டு நின்னா எந்தக் காக்கா வரும்?"

அத்திம்பேர் என்னை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சிறகுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு காக்கை மஞ்சள் உருண்டையைத்தான் முதலில் கொத்தியது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு. அதுக்குப் பசி," என்றாள் அக்கா.

அவள் குளித்து வந்ததும் கூடப்பிறந்தவன் கணுப்பணம் கொடுப்பது முறை. வருஷாவருஷம் நூற்றியொரு ரூபாயைப் போனிலேயே அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை கவரில் ஐயாயிரம் வைத்திருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

பிரித்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "மொத்தமா கணக்குத் தீர்க்க வந்தியாடா?"

நோட்டையெல்லாம் என் சட்டைப் பையில் திணித்தாள். கவரில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் நகத்தால் பெயர்த்து எடுத்துக்கொண்டாள்.

"நூத்தியொண்ணுல பாக்கியை ஆபரேஷன் ஆனப்புறம் நீயே வந்து குடு. போன்ல அனுப்பப்படாது, கேட்டியோ?" பயப்படாதே என்பதை மலையாளத்தில் சொன்னாள்: "பேடிக்காதே."

சாயங்காலம் பஸ் நெய்யாற்றின்கரை தாண்டும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்காவுக்கு நான் நேரில் போய்த் தர வேண்டியது, நூறு ரூபாய்.