இல்லாத மடிப்பு

பார்சலைப் பிரித்ததும் முதலில் வெளியே வந்தது வாசனைதான். ஈரம் காயாத கம்பளி, அந்துருண்டை, இரண்டுக்கும் அடியில் எவரோ எப்போதோ பிடித்த சுருட்டு. துணியை நான் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஓய்வூதியம் வாங்குகிற வயதில் ஒரு துணியை முகர்ந்துவிட்டு உட்கார நாற்காலி தேடினேன் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

"என்ன, ஆளையே தள்ளுதா?" என்று மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "செத்தவன் துணியை வெலைக்கு வாங்குனா அப்படித்தான்."

"செத்தவன்னு யாரு சொன்னா? வயிறு பெருத்துப் போச்சுன்னு வித்திருக்கான்."

"அப்ப உங்களுக்கும் பத்தாது."

அது ஒரு கில்ட். ஸ்காட்லாந்து ஆண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, கட்டம்போட்ட கம்பளி உடை. பாவாடை என்று சொன்னால் மகள் கோபித்துக்கொள்கிறாள். அவள் கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறாள். அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொள்ளப் போகிறாள். கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவும் கில்ட்டில் நிற்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்படுகிறார்களாம்.

"பட்டு வேட்டி இருக்கேம்மா" என்று போனில் சொல்லிப் பார்த்தேன்.

"இங்க அடிக்கிற காத்துல வேட்டியோட நின்னீங்கன்னா, போட்டோ எடுக்குறதுக்குள்ள வெறச்சிருவீங்கப்பா." கொடைக்கானலில் குடியிருப்பவனுக்குக் குளிரைப் பற்றிப் பாடம்.

புதிதாகத் தைத்து வாங்க என்ன ஆகும் என்று இணையத்தில் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். விலை மாறவில்லை. கருவூலத்தில் காலம் தள்ளியவனுக்கு மூன்று விலைப்புள்ளி இல்லாமல் ஒரு குண்டூசி வாங்கவும் கை வராது. மூன்றும் வாங்கினேன். கில்ட்டின் விலை முழுவதும் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. எட்டு கஜத் துணி. நம் பெண்கள் முன்னால் செருகுகிற கொசுவத்தை அவர்கள் பின்னால் வைத்துத் தைத்துவிடுகிறார்கள், அந்தக் கொசுவத்துக்குத்தான் காசு. மலிவாகக் கிடைப்பது கம்பளியே இல்லை. துணியைக் குறைத்து, செயற்கை நூலில் தைத்திருப்பார்கள். நடந்தால் ஆடாது. ஆகவே நல்ல கம்பளியில் பழையதை வாங்குவதுதான் சிக்கனம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பூச்சி அரித்த ஓட்டை உண்டா என்று பார்க்க வேண்டும். இடுப்பு வாரைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொள்ளலாம். நீளத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தொப்புளுக்கு நேராகக் கட்டி மண்டியிட்டால் ஓரம் தரையைத் தொடக்கூடாது. எழுந்தால் முழங்காலின் நடுவில் முடிய வேண்டும். முன்னால் தொங்கவிடுகிற தோல் பை, காலுறையில் செருகுகிற கத்தி, ஊக்கு என்று இன்னும் பலதை நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அவையெல்லாம் சம்பந்தியிடம் இரவல்.

உங்களுக்கு எப்படிப்பா இவ்வளவு தெரியும் என்று மகளுக்கு ஆச்சரியம். இணையத்தில் படித்தேன் என்று சொல்லிவைத்தேன். விலை மட்டும்தான் இணையத்தில் பார்த்தது. மற்றதெல்லாம் இதே மலையில், உடம்பு நடுங்கக் கற்றுக்கொண்டது.

கருவூலத்துக்குப் போவதற்கு முன், இளவயதில், நான் இங்கே ஓர் உறைவிடப் பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சொந்த ஊர் பழனி. அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. அப்பா யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. தெருமுனையில் திரும்பும்போது ஒரு தடவை செருமுவார். அவ்வளவுதான். சித்தப்பா கையிலிருந்த பீடி காணாமல் போகும். ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டிகளெல்லாம் சரசரவென்று கணுக்காலுக்கு இறங்கும். நான் வேட்டி கட்டப் பழகியபோதே அந்தச் செருமலுக்கு அதை இறக்கிவிடவும் பழகிவிட்டேன். பெரியவர்கள் முன்னால் முழங்கால் தெரிய நிற்பதென்பது எங்கள் வீட்டில் அவர்களைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமானம்.

அந்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்தவரின் மகள். காப்பி டம்ளரை நீட்டும்போது, "சூடு, பாத்து" என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவே. பஸ் ஏறி மலைக்கு வந்த பிறகும் அந்தப் "பாத்து" காதிலேயே இருந்தது. இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதை யாரிடமும் சொல்லத்தான் தைரியமில்லை.

அவளுடைய அப்பா பதில் சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தார். பையனை அவன் இருக்கிற இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு முன்னால் வந்த வரன் திண்டுக்கல்லில் வங்கி வேலை. அவனைச் சந்தையில் போய்ப் பார்த்திருக்கிறார். இவர் எதிரே வந்து நின்றும், மடித்துக் கட்டிய வேட்டியை அவன் இறக்கவில்லையாம். அதோடு அந்த வரன் முடிந்தது. நானோ, மலையில் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து ஆளே மாறிவிட்டதாக யாரோ அடிவாரத்தில் கிளப்பிவிட்டிருந்தார்கள். மாறியதெல்லாம், காலையில் இட்லிக்குப் பதில் ரொட்டி தின்றது மட்டும்தான். என்ன வதந்தி வந்தாலும் வேட்டி விஷயத்தில் என்னிடம் குறை காண முடியாது என்று தைரியமாக இருந்தேன்.

அப்போதுதான் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவருடைய தாத்தா ஸ்காட்லாந்துக்காரர். பள்ளியின் பெரிய விழா ஒன்றுக்கு அங்கிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் வரவிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கில்ட்டோடு நிற்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சீமைக் கடையில் சொன்ன விலை அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில், காலமான காப்பித் தோட்டத் துரையின் மனைவி சாமான்களை விற்றுவிட்டு ஊர் திரும்பப் போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"நீ போ மேன். ஒனக்கும் எனக்கும் சேம் வேஸ்ட், சேம் ஹைட். ஒனக்கு ஃபிட் ஆச்சுன்னா எனக்கும் ஆகும். எனக்குன்னு சொல்லிடாத, ரேட்டை ஏத்திடுவா."

போனேன். பட்டப்பகலிலேயே பனி இறங்கி, பத்தடிக்கு முன்னால் இருப்பது பாறையா காட்டுமாடா என்று தெரியாத பாதை. ஒரு பாறை திரும்பி என்னைப் பார்த்தது. அது வழிவிடும்வரை ஒரு மரத்தோடு மரமாக ஒட்டி நின்றேன். பங்களா வாசலுக்குப் போனால் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய்.

அந்த அம்மாள் தமிழ் முழுவதையும் பண்ணைக்காட்டுப் பக்கத் தோட்டத்தில், கங்காணிகள் ஆட்களை விரட்டுவதைக் கேட்டே கற்றிருந்தார். வாங்க, போங்க என்று தமிழில் ஒரு வகை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

"ஏலே, எதுக்குலே அங்கயே நிக்கிற? உள்ளார வா. நாய் கடிக்காது. கடிச்சா சொல்லு."

இரும்புப் பெட்டியிலிருந்து கில்ட்டை எடுத்துக் கொடுத்தார். கம்பளி, அந்துருண்டை, சுருட்டு. இன்றைக்குப் பார்சலில் வந்த அதே வாசனை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

"என்னலே ஓட்டை தேடுற? என் புருசன் துணி. கல்யாணத்தன்னைக்கு இதைத்தான் போட்டிருந்தான்."

விலை சொன்னார். நான் வழக்கம்போல் பாதிக்குக் கேட்டேன். கேட்டபிறகுதான் நாய் எழுந்து நின்றதைப் பார்த்தேன். அம்மாள் என்னை மேலும் கீழும் அளந்தார்.

"கட்டிக் காட்டு. அவன் நின்ன வராந்தாவுல நின்னு காட்டு. நல்லா நின்னுச்சுன்னா பாதி வெலை. தொங்குனா யாருக்கும் கெடையாது, நானே கொண்டுபோறேன்."

பக்கத்து அறையில், சுவரிலிருந்த மான் தலை பார்த்துக்கொண்டிருக்க, பேண்ட்டைக் கழற்றிவிட்டு அதைக் கட்டினேன். வெளியே வந்ததும் மண்டி போடச் சொல்லி நீளம் பார்த்தார். வாரை ஒரு துளை இறுக்கினார். "நட. கொசுவம் ஆடணும்." நடந்தேன். ஆடியது. காலுக்கிடையில் புகுந்த குளிரும் நடுக்கமும் சேர்ந்து அதை நன்றாகவே ஆட்டின. அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை, துணியை மட்டும் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் பனிக்குள்ளிருந்து அந்தச் செருமல் கேட்டது.

இங்கே கேட்க நியாயமே இல்லாத செருமல். பிரமை என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டது. வாசல் பாதையில் முதலில் ஒரு குடை தெரிந்தது, பிறகு கணுக்கால்வரை இறங்கிய இரண்டு வெள்ளை வேட்டிகள். ஒன்று அப்பா. இன்னொன்று ஆயக்குடிக்காரர். என்னைத் தேடி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் பங்களாவுக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஓட இடமில்லை. பின்னால் நாய். என் வலது கை என்னைக் கேட்காமலே தொடைக்குப் போயிற்று. மடிப்பைப் பிடித்து இறக்கிவிட வேண்டும். மடிப்பு இல்லை. கை மறுபடி தேடியது. கம்பளியின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தது. தைத்த துணி, எங்கே இறங்கும்? இடது கையும் சேர்ந்துகொண்டது. கடைசியில் முழங்காலையாவது மறைப்போம் என்று பாதி உட்கார்ந்தமாதிரி வளைந்து நின்றேன்.

"ஏலே, நேரா நில்லு! எதுக்குலே குனியுற?" என்று அம்மாள் கத்தினார்.

"என்னடா இது?" என்றார் அப்பா. குரலே எழவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அப்பா பயந்துபோயிருந்தார். அவரும் பயப்படுவார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச தெம்பும் போய்விட்டது.

"ஆபீஸ் சோலிப்பா" என்றேன்.

அம்மாள் இவர்கள் பக்கம் திரும்பினார். "ஏலே, நீங்க யாருலே ரெண்டு பேரு? துணி வாங்கவா?"

அப்பாவை அவர் வாழ்நாளில் யாரும் ஏலே என்று கூப்பிட்டதில்லை. அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். ஆயக்குடிக்காரர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இன்னும் தொடையில் துழாவிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "வெரசா வாங்கண்ணே, பஸ்ஸு போயிரும்" என்று அப்பாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வேட்டிகளும் பனியில் கரைந்தன.

கில்ட் பாதி விலைக்குக் கிடைத்தது. தலைமையாசிரியர் அதைக் கட்டிக்கொண்டு விழாவில் நின்றார். மிக நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும், வரன் முறிந்துவிட்டது என்று சொல்ல யாரோ இறங்குவதாகவே தோன்றியது. கடைசியில் சித்தப்பாதான் இறங்கினார். தூரத்திலேயே அவர் சிரிப்பது தெரிந்தது. கேலி என்று நினைத்து அலுவலகத்துக்குள் ஓடிவிட்டேன். துரத்திப் பிடித்துச் சொன்னார்: "ஏலே, ஓடாத. பொண்ணு வீட்ல சரின்னுட்டாங்க."

ஏன் என்பது கல்யாணத்துக்குப் பிறகு, "பாத்து" என்றவள் சொல்லித்தான் தெரியும். அவள் அப்பா அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டாராம். "பாவாடையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். எங்களைக் கண்டதும் கையி தானாத் தொடைக்குப் போகுது. இல்லாத மடிப்பை எறக்கிவிடப் பாக்குது. துணி வெள்ளைக்காரன் துணியா இருந்தா என்ன, கையி நம்ம வீட்லதானே கெடக்கு?" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டையானாலும் கடைசியில் அவள் தொடையில் கையை வைத்துத் துழாவிக் காட்டுவாள். நான் தோற்றுவிடுவேன்.

அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பயம் தீர்ந்திருக்கும். ஒருவேளை அவருடையதும் தீர்ந்திருக்கும். மாமனாரும் அவரும் அடுத்தடுத்த வருடங்களில் போய்ச் சேர்ந்தார்கள். பங்களா இப்போது தங்கும் விடுதி. அந்த வராந்தாவில் மேசை போட்டு, அரைக்கால் சட்டைக்காரர்களுக்குப் பூரி பரிமாறுகிறார்கள்.

இன்று சாயங்காலம் கில்ட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். ஓரம் முழங்காலின் நடுவில் சரியாக முடிந்தது. மனைவி படியில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிவந்த வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, "சூப்பர் சார்!" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் நாயோடு போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். எல்லோரும் எனக்கு இளையவர்கள். கை அசையாமல் பக்கவாட்டில் தொங்கியது.

"என்ன, கை போகலையா?" என்றாள்.

"போகலை."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் சால்வையை எடுத்துக்கொண்டு வந்து என் தோளில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஏரிப் பக்கமிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது. முதலில் கேட் மறைந்தது, பிறகு தெரு. பனிக்குள்ளிருந்து ஏதாவது செருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, முழங்கால் தெரிய, இருட்டும்வரை நின்றேன்.