பக்கத்தில் காட்டாத கொட்டில்

சைக்கிள் டியூப் ஒட்டும் கொட்டிலொன்றைப் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் இருப்பேன் என்று நானே நினைத்ததில்லை. சண்டையில் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது எட்டாம் வகுப்பு. அகதி முகாமிலும் பள்ளிக்கூடம் நடந்தது; எனக்குத்தான் இருந்து படிக்க மனம் வரவில்லை. நெல் வெட்டப் போனேன், கருவாட்டு லொறியில் போனேன், சீமெந்து குழைத்தேன். ஊருக்குத் திரும்ப விட்டபோது அங்கேயும் கால் தரிக்கவில்லை. வேலை கிடைத்த இடத்தில் சாப்பாடு, வேலை முடிந்த இடத்தில் படுக்கை. சில நாட்கள் சாப்பாடு இல்லை. அவ்வளவுதான்.

முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவன் படித்தான். மழைக்கு இரண்டு கூடாரமும் ஒழுகும். அவன் கொப்பிகளை என் தலையணைக்கடியில் வைப்பான், அந்த மூலை மட்டும் நனையாது என்பதால். இப்போது திருகோணமலை நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி வந்தான். சுற்றுலா வருகிறவர்களுக்காகப் போனில் ஒரு செயலி செய்கிறானாம். நிற்கிற இடத்தைக் கொடுத்தால், பக்கத்தில் சாப்பாட்டுக் கடை எது, மருந்துக்கடை எது, டயர் ஒட்டுகிறவர் எங்கே என்று கிட்ட இருப்பதை முதலில் காட்டுமாம்.

“மச்சான், நீ ஊர் சுத்தினவன். எந்த முடக்கில என்ன கிடக்குதெண்டு உனக்குத்தான் தெரியும். நான் தனியப் போனா ஒருத்தரும் கதைக்க மாட்டினம்.”

“கடைசியில எனக்கே விளங்காத சாமானுக்கு நான் வழிகாட்டியோ?”

“ஏறடா பின்னால.”

ஏறினேன். சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர் என்று சுற்றினோம். ஒவ்வொரு கடை வாசலிலும் அவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வரைபடத்தில் நீலப் புள்ளி ஆடாமல் நின்றதும் அமத்தி அந்த இடத்தைப் பதிவான். கடைக்காரர்கள் முதலில் அவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு என்னைக் கண்டு, “இவன் கூட்டி வந்த ஆளெண்டாச் சரி” என்று பிளேன்டீ ஊற்றுவார்கள். கிண்ணியாவில் ஒரு கடைக்கார நானா, “இவ்வளவு காலமும் சும்மா திரிஞ்சாய், இப்ப அதுக்கும் ஒரு வேலை கண்டுபிடிச்சிட்டாய்” என்றார். எனக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

அந்தச் சுற்றலின்போதுதான் சீனக்குடா தாண்டி, குடாத் தண்ணீர் வீதியோரம் வரை வளைந்து வரும் ஓரிடத்தில் என் கொட்டிலைப் போட்டேன். மழைக்கு மேலே கட்ட ஒரு தரப்பாள், காற்றடிக்கும் பம்ப், டியூபை அமிழ்த்திப் பார்க்கத் தண்ணீர்ச் சட்டி. பூவரச மரத்தில் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டேன். டயர் தொங்கினால் அங்கே ஒட்டுவார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வேறு பலகை வேண்டியதில்லை.

“என்ர கொட்டிலையும் போடு” என்றேன்.

“உன்னைப் போடாம விடுவனா?” போனைப் பிடித்தான். அமத்தியதை நான் கண்ணால் பார்த்தேன்.

செயலி வெளிவந்த பிறகு ஒரு பகலில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்டயரில் காற்றில்லை. பார்வை போனில். கொட்டிலைத் தாண்டித் தண்ணீர் ஓரம் வரை போய் அக்கரையைப் பார்த்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது, போனில் என் கொட்டில் இல்லை. செயலி தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறது. அக்கரையில் நாங்கள் பதிந்த கடையைக் காட்டுகிறது. நடுவில் கடல் இருப்பது அதற்குத் தெரியாது. நான் ஒரு டியூபைத் தூக்கிக் காட்டி, “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன். ஏதோ விற்கிறான் என்று நினைத்தார்களாக்கும். சிரித்து, வேண்டாம் என்று கையசைத்து, வீதியால் சுற்றிப் போகத் தொடங்கினார்கள்.

நகரத்துக்குப் போய் அவனிடமே கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

“நான்தான் எடுத்துவிட்டனான். கோவிக்காத மச்சான். அடுத்த மழைக்கு நீ எங்க நிற்பாயெண்டு உனக்கே தெரியாது. ஆக்கள் வந்து பாத்து, கொட்டில் இல்லையெண்டா எனக்கெல்லோ ஏச்சு.”

“மற்ற இடமெல்லாம் காட்டினது ஆர்?”

“அதுக்கு உன்னை விட்டா ஆளில்லை. அது வேற, இது வேற.”

எந்தக் கால்களை நம்பிப் பின்னால் ஏற்றினானோ, அதே கால்களைச் சொல்லி என்னை அழித்திருந்தான். வேறொருவன் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் என்னை இவனைப்போல அறிந்தவர் வேறொருவருமில்லை.

திரும்பி வந்து தரப்பாளை அவிழ்த்தேன். சுருட்டியும் விட்டேன். பிறகுதான் யோசித்தேன், போனால் அவன் சொன்னது சரியாகிவிடும். திரும்பக் கட்டினேன். மாரி வந்தது. காற்று தரப்பாளைக் கிழித்தது, தைத்தேன். எங்கேயாவது போகச் சொல்லிக் கால் உளைந்தது, இருந்தேன்.

மழை துமித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். நான் மீன்காரர் ஒருவரின் டியூபைச் சட்டியில் அமிழ்த்திக்கொண்டிருந்தேன்.

“ஆணி ஏறிப்போட்டுதடா. நல்லகாலம், கிட்ட நீ இருக்கிறாயெண்டு ஞாபகம் வந்தது.”

போனைப் பார்க்காமல் நேரே வந்திருக்கிறான்.

“போனில பாத்தீங்களோ?” என்றேன்.

“என்னடா, நீங்கள் எண்டெல்லாம் கதைக்கிறாய்?”

“கிட்ட இருக்கிற கடையை அது காட்டும். பாருங்கோ.”

சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான். தொங்கும் டயரையும் அக்கரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். காற்றுப்போன டயர் நனைந்த வீதியில் அடிபடும் சத்தம், அவன் முடக்குத் திரும்பும் வரை கேட்டது.

“தெரிஞ்ச ஆள் போல கிடக்கு?” என்றார் மீன்காரர்.

“ஓம். முந்திப் பக்கத்தில இருந்தவர்” என்றேன். சட்டித் தண்ணீரில் குமிழி வந்த இடத்தை விரலால் பொத்திப் பிடித்தேன்.