எதிரி ஊதிய விசில்

பொங்கலுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் போட்ட யுத்த நாடகத்தில், விமானத்திலிருந்து குண்டு போடுகிறவள் நான். எதிரியின் விமானத்தளத்தை அழிக்க வேண்டும். கதையை எழுதியது நாங்களே என்பதால் தோல்விக்கு இடமே வைக்கவில்லை. ஆண்களில் பாதிப் பேருக்குக் கொழும்பில் வேலை. மீதிப் பேர் எங்களைப் பார்த்துச் சிரிக்க வந்திருந்தார்கள்.

கொழுந்து லொறிதான் விமானம். இரண்டு பக்கமும் தகரம் கட்டி இறக்கை வைத்தோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்து ஓடுபாதை. குண்டுகளுக்கு பெக்டரியில் கழித்துப்போட்ட தேயிலைத் தூசி, மூட்டை மூட்டையாக. எதிரித் தளபதி, எங்களை வேலை வாங்குகிற கங்காணி. அவர் நடிக்க ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஆனால் ஒத்திகையில் ஒரு தடவைகூட மனுஷன் செத்து விழவில்லை. "அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவார். அவர் விழாவிட்டால் நாங்கள் எப்படி ஜெயிப்பது?

அன்றைக்கு விமானம் பறந்தது. அதாவது, டிரைவர் இஞ்சினை உறுமவிட்டார், நாங்கள் நான்கு பேரும் மேலே நின்று ஆடினோம். கீழே தளபதி எங்களைக் கண்டுவிட்டு அபாய விசில் ஊதினார்.

அங்கேதான் காரியம் கெட்டது. கொழுந்து நிறுக்கக் கூப்பிட அவர் தினமும் ஊதுகிற அதே விசில். காதில் விழுந்ததும் கால் கிளம்பிவிட்டது. பைலட் வேஷம் போட்டவள் உட்பட எங்கள் படை முழுவதும் ஆளுக்கொரு குண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, நடுவானில் இறங்கி, எதிரியின் முன்னால் வரிசையாக நின்றது. அதைவிடக் கூத்து, தளபதியும் துப்பாக்கியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, முதலில் நின்ற என் மூட்டைக்குக் கை நீட்டினார்.

"முத்துன எல கலந்திருக்கா?"

களமே சிரிப்பில் அதிர்ந்தது. தலையில் இருப்பது கொழுந்தல்ல, குண்டு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்களே பாருங்க" என்று மூட்டையை அவர் தலையில் கவிழ்த்தேன்.

தூசி அடங்கியது. கங்காணி புருவம்வரை கறுத்துப்போய் நிற்கிறார். விழவே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற பைலட் அவருடைய மனைவி. மூட்டையை இறக்காமலே, அடுப்படியில் பேசுகிற குரலில் சொன்னாள்:

"விழுந்துருங்க. இன்னும் மூணு மூட்ட இருக்கு."

அவர் எங்களை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார். பிறகு ஓடுபாதையின் நடுவில் கைகால் நீட்டி மல்லாந்தார். பன்னிரண்டு வருடமாக நான் ஏறிட்டுப் பார்க்காத முகம். காலடியில் கிடந்ததால் ஆசை தீரப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தது.