ரெண்டாம் பட்டன்

என் அக்கா புருஷனுக்கு அக்காவின் போன் நம்பர் தெரியாது. ரெண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் அக்கா பேசுவாள், அவ்வளவுதான் தெரியும். செல் வாங்கிய அன்றே காசிமேட்டுக் கடைக்காரன் அப்படி செட் பண்ணிக் கொடுத்துவிட்டான்.

இத்தனைக்கும் மாமா மந்தமான ஆள் இல்லை. முன்பெல்லாம் எங்கள் தெரு மளிகைக் கடையின் பி.பி. நம்பர், ஐஸ் கம்பெனி நம்பர், நாகப்பட்டினத்துச் சித்தப்பா நம்பர் எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். மீன் பிடிக்கப் போய் எந்த ஊரில் கரையேறினாலும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மளிகைக் கடைக்காரர் மூலம் அக்காவைக் கூப்பிட்டுப் பேசிவிடுவார். செல் வந்ததும் மூளைக்கு லீவு விட்டார். அவர் மட்டுமா, குப்பமே விட்டது. மளிகைக் கடைக்காரரும் லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு மழைக்காலத்தில் எண்ணூருக்கு நேரே மாமா போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்து சேர்ந்தார்கள். “நாங்க பாத்துகினே இருந்தோம். முங்கிட்டான்” என்றார்கள். அக்கா அவர் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். கடலுக்கடியில் கிடக்கிற செல் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒருத்தி இனிமையாகச் சொன்னாள்.

மாமாவின் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. “பொணம் வராத சாவுக்கு எத்தினி நாளு குந்திகினு இருப்பே?” என்று அவரே நாள் குறித்தார். அக்கா காலைப் பிடித்துக் கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? தலை நிறையப் பூ வைத்து, முகம் நிறைய மஞ்சள் பூசி, பிறகு எல்லாவற்றையும் பிய்த்தார்கள். வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அந்த நேரம் மாமா உயிரோடு இருந்தார். டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவரை ஓர் ஆந்திரப் படகு தூக்கிப்போய்த் தன் ஊரில் போட்டிருந்தது. ஜுரம் தெளிந்து கண் விழித்ததும் படகுக்காரர் தன் செல்லை நீட்டினார். இவர் ரெண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தார். ஒரு பெண் தெலுங்கில் பேசினாள். படகுக்காரரின் மாமியார்! “நான் சாவல, உசுரோடதான் கீறேன்” என்று அவளிடம் கதறியிருக்கிறார். அவள் வைத்துவிட்டாள். மறுபடி அழுத்தினார். அவள் திட்டினாள். திரும்பவும் அழுத்தினார். யாருடைய செல்லில் அழுத்தினாலும் ரெண்டு என்றால் தன் பெண்டாட்டிதான் என்று நினைத்த மகான். நம்பரைச் சொல்லு, நான் போடுகிறேன் என்று படகுக்காரர் கேட்டதற்குத் தொண்ணூத்தெட்டு என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

தாலி கழற்றிய மறுநாள் காலை, காசிமேட்டுக்கு வந்த மீன் வண்டியில் வந்து இறங்கினார். குப்பமே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது. செத்தே போயிருந்தால் இதைவிட மரியாதையாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை.

அக்கா வாசலுக்கு வரவில்லை. அவர்தான் உள்ளே போனார். வெறுங்கழுத்தைப் பார்த்தார். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“ஒரு போன் பண்ணியிருந்தா இது இருந்திருக்கும்ல?”

“நம்பரு தெர்லமே.”

சாயங்காலம் பெரியவர்கள் கூடி, அம்மன் கோயிலில் மறுபடி தாலி கட்டிவிட்டால் தோஷம் தீர்ந்தது என்றார்கள். நாள் குறித்த அதே அண்ணன் ஓடிப்போய் மஞ்சள் கயிறு வாங்கி வந்தார். அக்கா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாமா கயிற்றோடு குனிந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“மொதல்ல என் நம்பரைச் சொல்லு.”

சிலர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். மாமா பின்னால் திரும்பி ஆள் தேடினார். ஒரு பொடியன் வாயசைத்தான்.

“எவனும் சொல்லித் தரக் கூடாது” என்றாள் அக்கா.

அவர் தொண்ணூத்தெட்டு என்று ஆரம்பித்தார். இன்னும் இரண்டு எண் வந்தது. பிறகு உதடு மட்டும் அசைந்தது. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால், தேம்பித் தேம்பி அழுதார்.

அக்கா கையை விடவில்லை.

“அழுதா வந்துருமா? சொல்லு.”