வாய்க்காலில் நட்ட கல்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையோரம், மனை பிரித்து உருவான ஒரு நகரில் எங்கள் வீடு. வீடுகளுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் வடிய மனை போட்டபோதே விட்ட ஒரு வாய்க்கால் இருந்தது. சுனாமிக்கு மறுவருஷம் நான் குடிபோனபோது தெருவே அதைக் குப்பைமேடாக்கி வைத்திருந்தது. எச்சில் இலை, பழைய மெத்தை, செத்த எலி எல்லாம் என் சுவருக்குப் பின்னால்தான். சண்டை போட்டேன். பஞ்சாயத்து ஆபீசில் மனு மேல் மனு கொடுத்தேன். ஒருத்தரும் அசையவில்லை.

ஒருநாள் எரிச்சலில் ஒரு கருங்கல்லை வாய்க்கால் நடுவில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றினேன். மறுநாளிலிருந்து ஒரு குப்பைகூட விழவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடியில் யாரோ அதற்குக் கூழ் ஊற்றினார்கள். அடுத்த ஆடிக்குள் வாய்க்காலை அடைத்து சிமெண்ட் மேடை கட்டி, தகரக் கூரையும் போட்டுவிட்டார்கள். அந்த ஐப்பசி மழையில் சாக்கடைத் தண்ணீர் என் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது.

கடைசியில், மேடையை இடிக்கச் சொல்லி நான் கொடுத்த மனுவுக்காக ஓர் அதிகாரி பொக்லைனோடு வந்தார். தெருவே குறுக்கே நின்றது.

"அது வெறும் கல்லுய்யா, நான்தான் நட்டேன்!" என்று கத்தினேன்.

அன்றைக்கு வாய்க்காலில் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போட்ட பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "நாங்க எப்ப இல்லன்னோம் மாமா? ஆத்தா உங்க கையாலதான வந்து உக்காந்தா."

அதிகாரி மனுவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்.