ஞானம்மா கொடுத்த டைரக்ட்

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஞானம்மாவிடம் பழுதுக்குக் கொடுத்தால் பொருள் மட்டும் திரும்பி வராது, கூடவே நாலு திட்டும் வரும். "பிளக்க புடுங்காமலே தொறந்து பாத்தியா? உசுரு இன்னா கடையில விக்கிதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரையே கையில் எடுப்பாள். வயது நாற்பத்து நாலு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவள் பதினெட்டு வயதில் சிப்காட் தொழிற்பேட்டையில் எலக்ட்ரிக் குக்கர் செய்யும் கம்பெனிக்குள் நுழைந்தாள். பதினோரு வருஷம் ஒரே வேலை, குக்கரின் அடிப்பாகத்தில் தெர்மல் ஃப்யூஸ் மாட்டுவது. கம்பெனியை மூடியதும் கையிலிருந்த தொழிலை வைத்துக் கடை போட்டாள்.

தெர்மல் ஃப்யூஸ் என்பது நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய குப்பி. சூடு அளவு மீறினால் உள்ளே உருகி, கரண்ட்டை அறுத்துவிட்டுச் செத்துப்போகும். செத்தது மறுபடி பிழைக்காது. அதே டிகிரி, அதே ஆம்பியரில் புதுசுதான் போடவேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புதுசும் போய்விடும், இடுக்கியால் நசுக்கித்தான் மாட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அது ஏன் செத்தது என்று பார்க்கவேண்டும். "அது சும்மா சாவாது, எதுனா ஒன்னு அத்த சாவடிச்சிருக்கும்" என்பாள் ஞானம்மா.

மற்ற கடைக்காரர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஃப்யூஸைக் கழற்றி வீசிவிட்டு அந்த இடத்தில் வெறும் ஒயரை முறுக்கி விடுவார்கள். அதற்குப் பெயர் டைரக்ட். பொருள் ஓடும், காவல்தான் இருக்காது. "என் கையால டைரக்ட் குடுத்ததே இல்ல" என்று ஞானம்மா ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாள். பெருமை பேசுகிறவர்களுக்குச் சோதனை வாசலிலேயே காத்திருக்கும் போல.

போன வாரம் கடையில் ஃப்யூஸ் தீர்ந்துபோய், சென்னையிலிருந்து பார்சல் வராமல் இழுத்தடித்தது. அந்த நேரம் பார்த்து ஜெகன் ஃப்யூஸ் போன குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். உருக்கு ஆலையில் வேலை பார்க்கிற பையன். "யக்கா, ரூம்ல சோறு இல்லாம நானும் பென்னியும் பன்னு தின்னுகினு கெடக்குறோம். எப்டினா ஓட வையேன். பார்சல் வந்ததும் கொண்டாந்து குடுக்குறேன்." பாவமாக இருந்தது. சுவிட்சுக்குள் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற பாயிண்ட் கறுத்திருந்ததையும் அவள் கண் பார்த்தது. அன்று சனியன் பிடித்த அவசரம். ஒயரை முறுக்கிக் கொடுத்தனுப்பிவிட்டாள். நாலு நாளாகியும் பார்சல் வரவில்லை, ஜெகனும் எட்டிப்பார்க்கவில்லை.

இன்று காலை பார்சல் வந்தது. மதியம் ஒன்றே காலுக்குக் கம்பெனி பஸ் கடைக்கு எதிரே சிக்னலில் நிற்க, ஜன்னலோரம் ஜெகன்.

"டேய், குக்கர கொண்டாடா!"

"அது சூப்பரா ஓடுதுக்கா! பட்டன் மேல வந்தாலும் லைட்டு மட்டும் அணைய மாட்டேங்குது. நேத்து அடி புடிச்சிகிச்சு. இப்பகூட வச்சிட்டுதான் வரேன், பென்னி தூங்கினு இருக்கான்."

பஸ் கிளம்பிவிட்டது. ஞானம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பட்டன் எகிறியும் விளக்கு எரிகிறதென்றால் பாயிண்ட் ஒட்டிக்கொண்டது. குக்கர் நிற்காது. நிறுத்தவேண்டிய ஃப்யூஸும் அதில் இல்லை.

சிப்காட் பையன்கள் தங்கும் வரிசை ரூம்களின் வழக்கம் அவளுக்குத் தெரியும். நைட் ஷிப்ட் முடிந்தவன் தூங்குவான். மதிய ஷிப்ட்டுக்குப் போகிறவன் அவன் எழுந்து சாப்பிட உலையை வைத்துவிட்டு, தூக்கம் கெடாமலிருக்க வெளியே பூட்டி, சாவியை மீட்டர் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போவான். ஜெகனுக்குப் போன் போட்டாள். பஸ் இரைச்சலில் கேட்கவில்லையோ என்னவோ, எடுக்கவில்லை. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிட்டால் அப்புறம் ராத்திரிதான். பென்னியின் நம்பர் அவளிடம் இல்லை.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். சிப்காட் திருப்பத்தில் கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. முன்னும் போகாமல் பின்னும் போகாமல் முக்கியது. "இன்னாம்மா, எறங்குற?" என்று டிரைவர் கேட்பதற்குள் அவள் ஓட ஆரம்பித்திருந்தாள். கர்த்தரே, கர்த்தரே என்று வாய் முனகியது. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பையன் சாகக்கூடாது. அதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வரிசை ரூம்களை நெருங்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. தீய்ந்த சோறு, அதற்கு மேல் உருகிய பிளாஸ்டிக். ஜன்னல் இடுக்கில் கறுப்புப் புகை. பக்கத்து ரூம் பெண் பக்கெட்டோடு ஓடிவந்தாள்.

"தண்ணி ஊத்தாத! கரண்ட்டு இருக்குது!" ஞானம்மா கத்தினாள். முதலில் மெயினை இறக்கினாள். மீட்டர் பெட்டிமேல் கைவிட்டுத் துழாவினாள், சாவி இல்லை. மறுபடி துழாவினாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. விரல் தோல் உரிய அதை இழுத்தெடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

புகை முகத்தில் அறைந்தது. குக்கரின் அடி உருகி வழிந்திருந்தது, கீழிருந்த பலகை ஓரத்தில் நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. பென்னி தலைவரை போர்த்திக்கொண்டு, காதில் பாட்டுக்கு இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கிடந்தான். காலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தான். அவனை வெளியே தள்ளிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மெயின் இறங்கியிருந்ததால் இப்போது தண்ணீர் ஊற்றலாம். இரண்டு பக்கெட்டில் நெருப்பு அடங்கியது.

பென்னி வாசலில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "மாதா மாதிரி வந்தேக்கா. நீ இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்."

சும்மா இருந்திருக்கலாம். கரிக்கட்டையாகிவிட்ட குக்கரில் ஒயர் முறுக்கு யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தக் கையை அவளால் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"மாதாவுமில்ல ஒன்னுமில்ல. நான்தான்டா அதுக்கு டைரக்ட் குடுத்தேன். ஃப்யூஸ் இல்லாம, தெரிஞ்சே குடுத்தேன்."

பென்னி கையை விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"யக்கா," என்றான், "இதே மாதிரி வேற யாருக்குனா குடுத்துருக்கியா?"

"இல்லடா. இது ஒன்னுதான், சத்தியமா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை. கல்பனா. ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் முடியவேண்டும் என்று அதே வாரம் அயர்ன் பாக்ஸோடு வந்து கெஞ்சியவள். அதற்கும் டைரக்ட்தான் கொடுத்திருந்தாள். துணி மூட்டைகளுக்கு நடுவில், இப்போது, வேலை நேரத்தில் அது சூடேறிக்கொண்டிருக்கும்.

ஞானம்மா போனை எடுத்தாள். கல்பனாவின் நம்பரை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவள் மறுபடியும் ஓட ஆரம்பித்தாள்.