வழி விட்டவர்

முகாய் கென்சோவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பும் வரும். தொச்சிகி மலையடிவாரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் அவர் பைக் பயிற்சியாளர். "கண்ணாடியப் பாரு, தலையத் திருப்பிப் பாரு, வழி விடு" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவரிடம் படித்தவர்கள் சாக்கே குடிக்கக் கூடினால் யாராவது ஒருவன் எழுந்து நின்று அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான்.

சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடியே நடந்தார். லிப்டில் எல்லாரும் ஏறிய பிறகு ஏறுவார். சாலையில் சந்திலிருந்து வரும் காருக்கெல்லாம் நின்று வழி விடுவார். அந்தக் கார் பின்விளக்கை இரண்டு தரம் சிமிட்டி நன்றி சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு ருசிக்கும். சிமிட்டாமல் போனால் வீடு வரை முணுமுணுத்துக்கொண்டே வருவார். தலைமைப் பயிற்சியாளர் வேலையைத் தன்னைவிட இளையவருக்கு விட்டுக்கொடுத்ததாகவும் சொல்வார். அந்த வேலை அவருக்கு வரவே போவதில்லை என்று ஸ்கூலில் எல்லாருக்கும் தெரியும். வராததை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் மனிதர் கைதேர்ந்தவர்.

மனைவி சுமியே ஐம்பதைத் தாண்டிய பிறகு பைக் ஓட்டக் கற்க ஆசைப்பட்டு அவரிடமே வந்து சேர்ந்தாள். ஒடுக்கமான பலகைமேல் மெல்ல ஓட்டிக் கடக்கும் பயிற்சியில் அவளை இரண்டு முறை பெயிலாக்கினார். "பெண்டாட்டின்னு சலுகை காட்ட முடியாது" என்று மற்ற மாணவர்கள் காதில் விழும்படி சொன்னார். இரண்டாவது தடவை அவள் சக்கரம் பலகையை விட்டு இறங்கவே இல்லை என்று அங்கே நின்ற பையன்கள் சொன்னார்கள். சுமியே எதையும் மறக்கிற ரகம் இல்லை.

சருதானி டிராக்குக்கு அவர்களைக் கூட்டிப்போனவர் பைக் கடை வைத்திருக்கும் தோபே. மலைக்கு நடுவில் சின்ன டிராக். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. ஆசைப்பட்டவர்கள் தங்கள் சொந்த பைக்கைக் கொண்டுவந்து நாள் முழுக்க முறை வைத்து ஓட்டிவிட்டுப் போவார்கள். அதற்குத் தோபே மூன்று குழு பிரித்திருந்தார். புதியவர்களும் மெதுவாகப் போகிறவர்களும் சி; அங்கே நேர்ப் பாதையில் மட்டும்தான் ஒருவரை ஒருவர் தாண்டலாம். பழகியவர்கள் பி, வளைவிலும் தாண்டலாம், ஆனால் வெளிப்பக்கமாக, இரண்டு ஆள் நீளம் இடம் விட்டு. ஏ என்றால் பறக்கிறவர்கள், அவர்கள் கதை நமக்கு வேண்டாம். எந்தக் குழு என்பதை அவரவரே சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொன்னால் தோபே அதன்படி போட்டுவிடுவார்.

ஒவ்வொரு முறையும் காலைக் கூட்டத்தில் தோபே ஒரே பாட்டைத்தான் பாடுவார். "முன்னால போறவர்தான் ராஜா. தாண்டறவர் தலையிலதான் முழுப் பொறுப்பும். முன்னால போறவர் திரும்பிப் பாக்கக் கூடாது, ஒதுங்கக் கூடாது, கை காட்டக் கூடாது. அவர் பாட்டுக்குத் தன் தடத்துல போகணும். பின்னால வர்றவர் அதை நம்பித்தான் வர்றாரு. இங்க மரியாதை காட்டினா ஆஸ்பத்திரிதான்."

கடைசி வரி வந்ததும் கூட்டம் முழுக்கக் கென்சோ பக்கம் திரும்பிச் சிரிக்கும். டிராக்கில் பைக்குகளுக்குக் கண்ணாடி கிடையாது, கழற்றி வைத்துவிடுவார்கள். கென்சோ கண்ணாடிக்குப் பதில் கழுத்தைப் பயன்படுத்தினார். பின்னால் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்ப்பார், ஓரம் ஒதுங்குவார், இடது கையைத் தூக்கிப் போங்கள் என்பார். அவருக்குப் போக்குவரத்துப் போலீஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒதுங்கியதில் இரண்டு பேர் அவர்மேல் மோதப் பார்த்துத் தப்பித்தார்கள். தோபே தனியாகக் கூப்பிட்டும் சொல்லிப் பார்த்தார். கென்சோ தலையைத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுற்றிலேயே திரும்பிப் பார்த்தார்.

சுமியே முதல் சில தடவை சோற்று உருண்டை பிடித்துக் கொண்டுவந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு தானும் ஓட்டினாள். அடுத்த வருஷமே பி குழுவுக்குப் போய்விட்டாள். அவள் வளைவைப் பார்த்தாள், பைக் அங்கே போயிற்று. அவளைப் பெயிலாக்கின வாத்தியார் சி குழுவிலேயே கிடந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் குழுக் குழுவாகத்தான் உட்காருவார்கள். யாரும் வைத்த சட்டம் இல்லை, ஆனாலும் அப்படித்தான். கென்சோ மனைவி பக்கத்தில் உட்காரும் சாக்கில் பி குழுவின் கூடாரத்துக்குப் போவார். அங்கே கசாமா என்று ஒரு பல் டாக்டர். ஊரார் வாயில் கை விட்டுச் சம்பாதிக்கிற அவருக்குத் தன் வாயை மட்டும் அடக்கத் தெரியாது.

"வாத்தியாரே, சி குழுவுல உங்களுக்கு வாடகை கேக்கறதில்லையா? குடியிருக்கறதுக்கு?"

"புதுசா வர்றவங்களுக்கு நான் ஒரு துணை மாதிரி" என்றார் கென்சோ. "பி-ல இடம் இருந்தா வேற யாருக்காவது குடுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அதையும் விட்டுக்குடுத்துட்டீங்களா? உங்க மனசு யாருக்கு வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். கென்சோவும் சிரித்தார். அதெல்லாம் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் சுமியேவும் சிரித்தாள். வாயில் சோறு வைத்துக்கொண்டு, கையால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வீடு திரும்பும்போது வேனில் அவரே அதை எடுத்தார்.

"அப்படிச் சிரிக்கணுமா?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்" என்றாள் சுமியே. "நீங்க இதுக்கு மேல போக மாட்டீங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா விட்டுட்டேன் விட்டுட்டேன்னு சொல்லாதீங்க. உங்க கையில என்ன இருந்துச்சு விடறதுக்கு?"

அன்றைக்கே கென்சோ முடிவு செய்துவிட்டார். எப்பாடு பட்டாவது பி குழுவில் ஓட்ட வேண்டும், அதுவும் அவள் கண் முன்னால். முதலில் கழுத்தைத் திருத்தினார். ஹெல்மெட்டுக்குக் கீழே தடியான துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார், திரும்ப முயன்றால் துண்டு பிடிக்கும். கோடை முழுக்க வியர்த்துக் கொட்டியும் அவிழ்க்கவில்லை. இலை பழுக்கிற காலத்தில் துண்டைக் கழற்றிவிட்டு ஓட்டினார், கழுத்து திரும்பவில்லை. அந்தப் பழக்கம் போயே போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த ஆளுக்கு வக்காலத்து வாங்க வருகிறவர்களுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

வேகம் மட்டும் வரவில்லை. அதனால் தோபேக்குப் போன் போட்டு, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தில் சில நொடிகளை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"நேரத்தைக் கூட்டிச் சொல்லிக் கீழ்க் குழுவுல பதுங்கறவங்களத்தான் நான் பாத்திருக்கேன், வாத்தியாரே" என்றார் தோபே. "அங்க இருந்தா எல்லாரையும் தாண்டலாம்ல, அந்த ஆசை. கொறச்சுச் சொல்லி மேல வந்து உதை வாங்கறவங்க யாரும் கிடையாது. நீங்க சொன்னா நம்பறேன்."

பி குழுவில் முதல் முறை நன்றாகவே போயிற்று. ஒருவர் பின் ஒருவராக அவரைத் தாண்டினார்கள். கசாமா வெளிப்பக்கமாகச் சீறிக்கொண்டு போனார். கென்சோ திரும்பவில்லை, ஒதுங்கவில்லை, கையும் தூக்கவில்லை. ஓட்டி முடித்து பைக்குகளை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் தோபே தோளில் தட்டினார். சுமியே பைக்கின் டயரைத் துணியால் மூடிக்கொண்டே, "பரவாயில்லையே" என்றாள். அந்த முறை அவள் அவருக்கு வெகு முன்னால் போயிருந்ததால் இருவரும் டிராக்கில் சந்திக்கவில்லை.

அடுத்த முறை சந்தித்தார்கள். அவள் பைக்கின் சத்தம் அவருக்கு அத்துபடி, அதன் புகைக்குழாயை மாட்டியவரே அவர்தான். கடைசி வளைவு இடப்பக்கம் நீளமாகத் திரும்பி பிட்டுக்கு எதிரே நேர்ப் பாதையில் சேரும். அந்த வளைவுக்குள் நுழையும்போது சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. ஓட்டத்தைச் சீக்கிரமே முடித்துக்கொண்ட கசாமா பிட் சுவரில் சாய்ந்து நிற்பதை அவர் முந்தின சுற்றிலேயே பார்த்திருந்தார், கூட நாலைந்து பேர். இன்னும் கொஞ்ச தூரத்தில் அத்தனை பேர் பார்க்க மனைவி தன்னைத் தாண்டிப் போகப் போகிறாள் என்பது கென்சோவுக்குத் தெரிந்தது. யார் யாரோ தாண்டினார்கள், பொறுத்துக்கொண்டார். இவள் தாண்டுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. தாண்டக் கூடாது. தான் விட்டு, அவள் போனதாக இருக்க வேண்டும்.

கென்சோ திரும்பிப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். உள்பக்கம் அவள் போகட்டும் என்று பைக்கை வெளிப்பக்கம் ஒதுக்கினார்.

சுமியே சட்டப்படி வெளிப்பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள். முன்னால் போகிறவர் தன் தடத்தில் போவார் என்று நம்பி வந்தாள். அவளுக்கு இருந்த இடத்தில் கென்சோவின் பின்சக்கரம் வந்து நின்றது. அவள் அவரை இடிக்கவில்லை. பைக்கைப் புல்லுக்கு விட்டாள். புல் ஈரமாக இருந்தது. பைக் உருண்டது, அவளும் உருண்டாள். ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிச் சிவப்புக் கொடி காட்டினார்கள். கென்சோ நிற்காமல் ஒரு சுற்று முழுக்க வந்து பிட்டில் நிறுத்தினார், சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பிட் சுவரிலிருந்து பார்த்தால் அந்த இடத்தைப் பாதுகாப்புக்கு வைத்திருந்த டயர் அடுக்கு மறைக்கும். வளைவில் நின்ற கொடிக்காரர், புல்லில் பைக் போன பிறகுதான் பார்த்தேன் என்றார். தோபே முகம் வெளுத்து வந்து கேட்டார்.

"வாத்தியாரே, ஒதுங்கினீங்களா?"

"இல்ல. என் தடத்துலதான் போனேன்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"அந்தப் பழக்கத்தத்தான் விட்டுட்டேனே."

தோபே பெருமூச்சு விட்டார். அப்படியானால் தாண்டியவர் தவறு.

வலது மணிக்கட்டும் காறை எலும்பும் நொறுங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் கென்சோ ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொடுத்தார். நர்சுகள் இப்படி ஒரு புருஷனா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"உங்க தடத்துலதான் போனீங்கன்னு தோபே சொன்னாரு" என்றாள் சுமியே.

"ஆமா."

"சரி" என்றாள். ஆப்பிளைத் தின்றாள்.

தாண்டும்போது யாராவது விழுந்தால், தாண்டியவர் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்பது சருதானியில் வழக்கம். கட்டுப் போட்ட கையோடு சுமியே வந்தாள். பாசிப்பயறு நிறத் துணியில் சுற்றிய இனிப்புப் பெட்டியை இடது கையால் தோபேயிடம் கொடுத்தாள். "என் அவசரத்தால் எல்லாருக்கும் தொந்தரவு ஆச்சு" என்று சொல்லிக் குனிந்தாள். பிறகு கென்சோவுக்கு எதிரே போய் நின்றாள். வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர் முன்னால், முன்பின் தெரியாதவருக்குக் குனிவதுபோல் இடுப்பு வரை குனிந்தாள். "மன்னிக்கணும். ஆபத்து உண்டாக்கிட்டேன்."

வாய் திறக்க அவருக்கு அப்போது நேரம் இருந்தது. அவள் நிமிரவே இல்லை, காத்திருந்தாள்.

"பரவாயில்ல. இனிமே பாத்துக்கலாம்" என்றார் கென்சோ.

சிலர் கைதட்டினார்கள். பெருந்தன்மை என்று யாரோ சொன்னார்கள். கசாமா கூட அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தார். கென்சோவின் முகம் சிவந்தது. அது வெட்கத்தால் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

கட்டு அவிழ்த்த பிறகும் அவள் மணிக்கட்டு மடங்கவில்லை. பிரேக்கைப் பிடித்து இழுக்க அந்தக் கையால் முடியாது, இனி ஒருநாளும் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பைக் ஷெட்டில் போர்வை போர்த்திக் கிடந்தது. டிராக்குக்கு வர மாட்டாள் என்று கென்சோ நினைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் வந்தாள். மடக்கு நாற்காலியைக் கடைசி வளைவுக்கு எதிரே, டயர் அடுக்கு மறைக்காத இடமாகப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வசந்தத்தில் ஒருநாள் கென்சோ பி குழுவோடு ஓட்டிவிட்டு வந்தார். நன்றாக ஓட்டினோம் என்று அவருக்கே தோன்றியது. வழியில் தோபே, "கோடு போட்ட மாதிரி போறீங்க, வாத்தியாரே. புதுசா வர்றவங்களுக்கு உங்களத்தான் காட்டப்போறேன்" என்றார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கென்சோ மனைவியின் நாற்காலிக்குப் போனார். அவளும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார்.

சுமியே பிளாஸ்கை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகி, கிண்ணத்தில் மிசோ சூப்பை ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

"எட்டுப் பேர் உங்களத் தாண்டிப் போனாங்க" என்றாள். "எல்லாரையும் பாத்தேன். ஒருத்தர் காதுக்குப் பக்கத்துலயே வந்தாரு. நீங்க திரும்பக்கூட இல்ல."

"பழகிடுச்சு" என்றார் கென்சோ.

"ஒருத்தருக்குக்கூட நீங்க வழி விடல" என்றாள் சுமியே.

கிண்ணம் அவர் கையிலேயே இருந்தது. மலைப்பக்கம் ஒலிபெருக்கி கரகரத்தது. பி குழுவை மறுபடி வரிசையில் வந்து நிற்கச் சொன்னார்கள். சுமியே அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மிச்சமிருந்த சூப்பைப் புல்லில் கொட்டினாள்.

"போங்க" என்றாள். "கூப்பிடறாங்க."